நகராத நான்கு ராசிகள்

மேலூருக்குப் பக்கத்தில், பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் நெல் போடும் கிராமம் அது. அங்கே ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம்.

ஐந்து வயதில் ஒரு நாள், அண்ணன் பிடுங்கிக்கொண்டு போன பம்பரம் திரும்பி வரும் வரை வாசல்படியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு நேரம் போனது, இருட்டியது. "தேளு கணக்கா இருக்கா பாரு... விருச்சிகம்ல, விடமாட்டா" என்றார் அப்பத்தா. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மதுரைக்குப் போய் பி.காம். படிக்க வேண்டும் என்றாள். ஊரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருவது சரிப்படாது என்றார் அப்பா. இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "போற வீட்ல என்ன பாடு படுத்தப் போறாளோ, ராசி அப்படி" என்றுதான் பேச்சு.

அவள் அண்ணனுக்கு மிதுன ராசி. மேலூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மூன்று வருடமாக வாடகைக்குக்கூட வருமானம் காணவில்லை. கடையை மூடிவிட்டு வேறு வேலை பார் என்று சொல்லாத ஆள் இல்லை. அவனோ மாட்டேன் என்கிறான். அவனைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு தெரியுமா? "புள்ள உறுதியா நிக்கிறான்!"

ஒரே குணம்தான். ஒருவரிடம் இருந்தால் உறுதி, இன்னொருவரிடம் இருந்தால் தேள்! இங்கேதான் ஸ்திர ராசி என்ற விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்திரம் என்றால் என்ன?

பன்னிரண்டு ராசிகளையும் ஜோதிடம் மூன்றாகப் பிரிக்கிறது. மேஷம், கடகம், துலாம், மகரம் - இவை சர ராசிகள். சரம் என்றால் நகர்வது. ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் - இவை ஸ்திர ராசிகள், அதாவது நிலைத்து நிற்பவை. மிதுனம், கன்னி, தனுசு, மீனம் - இவை உபய ராசிகள். இரண்டு தன்மையும் கலந்தவை.

நல்ல நேரம் குறிக்கும்போது இந்தப் பிரிவு மிகவும் முக்கியம். பயணம் கிளம்ப சர லக்னம் பார்ப்பார்கள். புது வீட்டில் பால் காய்ச்ச ஸ்திர லக்னம் பார்ப்பார்கள், குடியேறியவர்கள் அங்கேயே நிலைக்க வேண்டும் என்பதற்காக. கடன் வாங்குவதானால் ஸ்திர லக்னத்தில் வாங்காதே என்பார்கள். கடனும் நிலைத்துவிடுமாம்! வட்டிக்கு வாங்கி அவதிப்பட்டவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

இந்தப் பிரிவு இந்தியாவில் மட்டும் இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தாலமி, தன் டெட்ராபிப்லோஸ் என்ற நூலில் இதே நான்கு ராசிகளைத் 'திடமானவை' என்கிறார். அவர் சொல்லும் காரணம் எளிமையானது. சர ராசியில் சூரியன் நுழையும்போது ஒரு பருவம் தொடங்குகிறது. அடுத்த ராசிக்கு வரும்போது அந்தப் பருவத்தின் வெயிலோ குளிரோ மழையோ உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. உபய ராசியில் அது தளர்ந்து, அடுத்த பருவத்துக்கு வழி விடுகிறது. ஆக, 'ஸ்திரம்' என்ற சொல் முதலில் மனிதனின் குணத்தைப் பற்றியதாக இல்லை. வானிலையைப் பற்றியதாக இருந்திருக்கிறது!

மதுரைக்காரர்களுக்கு இது பாதி பொருந்தும். வைகாசியில் அக்னி நட்சத்திர வெயில் அசையாமல் நிற்பதும், கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்வதும் தெரிந்ததுதான். ஆனால் ஆவணிக்கும் மாசிக்கும் அந்தக் கணக்கு அவ்வளவாக ஒத்துவராது. தாலமிக்குப் பருவங்கள் நான்கு. தமிழனுக்கு கார், கூதிர் என்று தொடங்கி ஆறு. மத்தியதரைக் கடல் ஓரத்தில் வெட்டிய சட்டை, வைகைக் கரையில் சற்றுத் தொளதொளவென்றுதான் இருக்கும்.

மதுரையின் நான்கு ஸ்திர மாதங்கள்

சூரியன் ரிஷபத்தில் இருப்பது வைகாசி, சிம்மத்தில் ஆவணி, விருச்சிகத்தில் கார்த்திகை, கும்பத்தில் மாசி. இந்த நான்கு மாதங்களின் முதல் நாளுக்கும் விஷ்ணுபதி புண்ணியகாலம் என்று பெயர். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் காணலாம்.

இன்னொரு அழகும் உண்டு. பௌர்ணமி அன்று சூரியனும் சந்திரனும் எதிரெதிரே இருப்பார்கள். ஸ்திர ராசிக்கு எதிர் ராசியும் ஸ்திர ராசிதான். அதனால் இந்த மாதங்களின் பௌர்ணமியில் இருவருமே ஸ்திரத்தில் இருப்பார்கள். அந்தப் பௌர்ணமிகளை ஒட்டி வரும் விழாக்களை எண்ணிப் பாருங்கள்... வைகாசி விசாகம், ஆவணி அவிட்டம், கார்த்திகை தீபம், மாசி மகம்!

மதுரையில் இந்த மாதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. வைகாசியில் புதுமண்டபத்தில் வசந்த உற்சவம், திருப்பரங்குன்றத்தில் விசாகத்துக்குப் பால்குடம். ஆவணியில் மூலத் திருவிழா, புட்டுக்கு மண் சுமந்த லீலை, சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம். சிம்மம் சூரியனின் சொந்த வீடு, அரசனின் ராசி. அந்த மாதத்தில்தான் மதுரையின் அரசன் முடிசூட்டிக்கொள்கிறார். கார்த்திகையில் தீபம். மாசியில் மண்டலத் திருவிழா.

மாசி என்றதும் மாசி வீதிகள் நினைவுக்கு வரும். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில்தான் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. மாசி கும்பம், ஸ்திரம். சித்திரை மேஷம், சரம். ஒரு பெரிய திருவிழாவே ஸ்திரத்திலிருந்து சரத்துக்கு நகர்ந்துவிட்டது! வீதியின் பெயர் மட்டும் நகரவில்லை. சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதியில்தான் ஓடுகிறது. எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

நான்கு பிடிகள்

மனத்தைப் பற்றி எழுதும் ஜோதிடர்கள், மேற்கிலும் சரி இங்கேயும் சரி, ஸ்திர ராசிக்காரரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருணிக்கிறார்கள். மெதுவாக முடிவெடுப்பார், எடுத்தால் மாற்ற மாட்டார், நம்பலாம், ஆனால் வளைக்க முடியாது. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் (அந்தக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன) கிடைத்த சின்னச் சின்ன ராசிபலன் புத்தகங்களிலும் இதுதான் இருக்கும்.

ஆனால் நான்கும் ஒன்றல்ல. எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

ரிஷபம் நில ராசி, அதிபதி சுக்கிரன். அது பிடித்துக்கொள்வது பொருளை. வீடு, வயல், நகை, பழகிய சாப்பாடு. அலங்காநல்லூர் வாடிவாசலில் சீறி வரும் காளையை நினைக்க வேண்டாம். கொட்டத்தில் தன் இடத்தை விட்டு நகராத மாட்டை நினையுங்கள்.

சிம்மம் நெருப்பு ராசி, அதிபதி சூரியன். அது பிடித்துக்கொள்வது பெயரை. 'ஊர் என்ன நினைக்கும்' என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டத்தைத் தாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

விருச்சிகம் நீர் ராசி, அதிபதி செவ்வாய். அது பிடித்துக்கொள்வது உணர்ச்சியை. அன்பையும் மறக்காது, காயத்தையும் மறக்காது. மனத்தின் காரகனான சந்திரன் இங்கேதான் நீசம் என்கிறது ஜோதிடம்.

கும்பம் காற்று ராசி, அதிபதி சனி. அது பிடித்துக்கொள்வது கருத்தை. சொத்தைக்கூடக் கொடுத்துவிடும், கொள்கையைக் கொடுக்காது.

பொருள், பெயர், உணர்ச்சி, கருத்து... மனிதன் விட மறுக்கும் எல்லாமே இந்த நான்குக்குள் வந்துவிடுகிறது. இதை ஜோதிடமாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும், மனத்தைப் பற்றிய நல்ல ஒரு வகைப்பாடாக எடுத்துக்கொள்ளலாம். எதிலே பிடிவாதம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள யாருக்கும் உதவும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதைப் பிறந்த நேரத்தோடு கட்டிப்போட்டு, அடுத்தவர் நெற்றியில் ஒட்டும்போது.

கொஞ்சம் கணக்கு

சந்திரன் ஒரு ராசியில் சுமார் இரண்டே கால் நாள் இருக்கிறது. பன்னிரண்டில் நான்கு ஸ்திரம். எனவே பிறக்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்திர ராசி. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்ட மக்கள் தொகை சுமார் 30 லட்சத்து 38 ஆயிரம். அதில் 10 லட்சம் பேர் பிடிவாதக்காரர்கள் என்றாகிறது!

அதோடு முடியவில்லை. ராசி இல்லையென்றால் லக்னம் ஸ்திரம் என்பார்கள். அதுவும் இல்லையென்றால் சூரியன் ஸ்திரத்தில் இருக்கிறது என்பார்கள். மூன்றுமே ஸ்திரத்தில் இல்லாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? மூன்றில் இரண்டு, பெருக்கல் மூன்றில் இரண்டு, பெருக்கல் மூன்றில் இரண்டு. அதாவது 27-ல் 8. மிச்சம் 27-ல் 19 பேருக்கு, சுமார் 70 சதவீதத்தினருக்கு, எங்காவது ஒரு ஸ்திரம் இருந்தே தீரும். யாராவது பிடிவாதம் பிடித்தால் அவர் ஜாதகத்தில் காரணம் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை.

இன்னொரு வேடிக்கை. மே 5-ஆம் தேதி பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பத்திரிகைப்படி அவருடைய சூரிய ராசி ரிஷபம், ஸ்திரம். தமிழ்ப் பஞ்சாங்கப்படி அது சித்திரை மாதம், சூரியன் மேஷத்தில், சரம். இரண்டு முறைகளுக்கும் நடுவே இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம் இருப்பதால் வருவது இது. ஒரே குழந்தை, ஒரே நிமிடம்... ஒரு புத்தகத்தில் அசையாதவர், இன்னொன்றில் ஓடுகிறவர்!

பெயர் வைத்தால் குணம் வரும்

1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் 'இதுதான் உன் குணம்' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்! வாசகங்களில் பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

இதைவிட யோசிக்க வைப்பது இன்னொன்று. 1978-ல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர், ஜெஃப் மேயோ என்ற ஜோதிடரோடு சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார். ராசிக்கும் குணத்துக்கும் கொஞ்சம் தொடர்பு தெரிவதுபோல் இருந்தது. ஜோதிடர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் பின்னால் நடந்த ஆய்வுகளில் விஷயம் புரிந்தது. தங்கள் ராசிக்கு என்ன குணம் சொல்லப்படுகிறது என்று முன்பே அறிந்தவர்களிடம்தான் அந்தத் தொடர்பு இருந்தது. அறியாதவர்களிடம் இல்லை.

அதாவது, ராசி குணத்தை உண்டாக்கவில்லை. 'உனக்கு இந்தக் குணம்' என்று சொன்ன சொல், அவர்கள் தங்களைப் பார்க்கும் பார்வையை மாற்றியிருக்கிறது.

ஐந்து வயதிலிருந்து 'தேள்' என்று கேட்டு வளர்ந்த பெண்ணை இப்போது நினைத்துப் பாருங்கள்.

கேட்டையும் கல்யாணமும்

அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு வரன் வந்தது. பையன் நல்ல பையன், எல்லாம் பேசியாகிவிட்டது. ஜாதகம் பார்த்ததும் நின்றுவிட்டது. பையனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். 'கேட்டை ஜேஷ்டனுக்கு ஆகாது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கேட்டை என்பது ஜேஷ்டா என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ஜேஷ்டன் என்றால் மூத்தவன். வானத்தில் விருச்சிகத்தின் நடுவே செவ்வொளியோடு தெரியும் அந்த நட்சத்திரம் மேற்கத்தியருக்கு அண்டாரஸ். அதன் பெயரும் அண்ணனைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாக இருப்பதைத் தவிர, இந்த நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் இருப்பதாகத் தோன்றவில்லை. 27 நட்சத்திரத்தில் ஒன்று கேட்டை. மதுரை மாவட்டத்தில் மட்டும் சராசரியாக 1 லட்சத்து 12 ஆயிரம் பேருக்கு அது ஜென்ம நட்சத்திரமாக இருக்கும். அதில் பாதி பெண்கள். அத்தனை வீடுகளிலும் கணவனின் அண்ணனுக்குக் கேடு வந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்காதா? இதில் ஆண் கேட்டையைப் பற்றிப் பேச்சே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வரன் போனதில் அவளுக்கு வருத்தம் இல்லை. படிப்பு முடிக்க வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் அன்று இரவு அம்மா அடுப்படியில் அழுதுகொண்டே சொன்ன ஒரு வார்த்தை அவளைத் தைத்தது. "ஒரு மணி நேரம் முன்னால பொறந்திருக்கக் கூடாதா?"

நிலைச் சொத்தும் தேய்மானமும்

மதுரை, தேனி வயல்களுக்குப் பிடிவாதத்தால் தண்ணீர் கொண்டுவந்த மனிதர் ஒருவர் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக். 1887-ல் தொடங்கிய வேலை, காட்டிலும் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் அடிபட்டு 1895-ல் முடிந்தது. மேற்கே போக வேண்டிய ஆறு கிழக்கே திரும்பியது. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. மேற்கத்திய முறையிலும் சரி, தமிழ் முறையிலும் சரி, சூரியன் மகரத்தில். மகரம் சர ராசி! அவர் பிறந்த நாளில் தேனிப் பக்கத்து விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். அவருடைய சூரியன் சரமா ஸ்திரமா என்று யாரும் கேட்பதில்லை.

பி.காம். முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வரும். நிலைச் சொத்து, நடப்புச் சொத்து என்று. கட்டடம், இயந்திரம் எல்லாம் நிலைச் சொத்து. நிலைச் சொத்து என்றாலும் அதற்கு வருடாவருடம் தேய்மானம் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் ஏட்டில் சொத்து பெரிதாகத் தெரியும், உண்மையில் இருக்காது. பிடிவாதமும் அப்படித்தான். 'நேற்று சரியாக இருந்த முடிவு இன்றைக்கும் சரிதானா' என்று வருடத்துக்கு ஒரு முறையாவது தேய்மானம் பார்க்க வேண்டும். அண்ணனின் கடைக்கு யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. போட்ட பணம் போய்விடுமே என்ற பயத்தில் இன்னும் பணம் போகிறது. தங்கையின் படிப்புக்கு அந்தக் கணக்கைப் பார்த்தால் மதிப்பு ஏறித்தான் இருக்கிறது.

ஆனால் தேய்மானம் எழுதாத ஒரே நிலைச் சொத்து உண்டு. நிலம்.

அப்பத்தாவின் ராசி

வரன் போன மறுவாரம், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம் பேத்தி கேட்டாள்.

"அப்பத்தா, நீ என்ன ராசி?"

"எனக்கு என்னத்த ராசி? யாரு எழுதி வச்சா? பெரிய மழை பேஞ்ச வருசம்னு எங்கம்மா சொல்லும். மாசமே தெரியாது, இதுல ராசியாம்."

அவ்வளவுதான் பதில். உரலில் சத்தம் தொடர்ந்தது.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள், கொஞ்சம் கடன், ஒரு ஏக்கர் வயல். பங்காளிகள் வயலை விற்கச் சொல்லித் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பத்தா ஒரே வார்த்தை, "மாட்டேன்" என்றார். கால்வாயில் தண்ணீர் வராத வருடங்களிலும் விற்கவில்லை. கூலிக்கு நடவு நட்டுக் கடனை அடைத்தார். அந்த வயல் இன்றைக்கும் இருக்கிறது. பேத்தியின் கல்லூரிக் கட்டணமே அதிலிருந்துதான் வருகிறது.

பொருளையும் விடவில்லை, பெயரையும் விடவில்லை, காயத்தையும் விடவில்லை, சொன்ன வார்த்தையையும் விடவில்லை. நான்கு ஸ்திர ராசிகளும் ஒரே ஆளிடம்! ஜாதகமே இல்லாத ஆளிடம்.

"அப்ப நீயும் தேளுதான் அப்பத்தா" என்றாள் பேத்தி.

இடிப்பதை நிறுத்திவிட்டு அப்பத்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே பார்த்து மகனுக்குக் குரல் கொடுத்தார்.

"ஏய்யா... இந்தப் புள்ள படிப்ப முடிக்கட்டும். அதுவரைக்கும் எவனும் ஜாதகத்தத் தூக்கிட்டு வர வேணாம்னு சொல்லிரு."

அது முடிவு. அந்த வீட்டில் அப்பத்தா சொன்னதை மாற்ற யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அதற்குப் பிறகு அவர் அவளைத் தேள் என்று சொல்வதில்லை. ஏதாவது பிடிவாதம் பிடித்தால், "என்னைய மாதிரி" என்கிறார்.